தட்டும் சத்தம் கேட்கிறதா?

வியாழக்கிழமை இரவு பதினோரு மணிக்கு மேல் வானொலியில் பேய்க்கதை நிகழ்ச்சி நடத்துகிறவளிடம் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "நீங்க நெஜமாவே பேயைப் பார்த்திருக்கீங்களா?" கல்யாண வீட்டில் கேட்பார்கள். மாமாக் கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் கேட்பார்கள். போன வாரம் பல் மருத்துவர் என் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். பார்த்ததில்லை என்று தலையாட்டினேன். அவர் முகம் வாடிப்போனது.

அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும். "அப்போ எந்தப் பேய்ப்படம் நல்லா இருக்கும், சொல்லுங்க." இதற்கு என்னிடம் பதில் உண்டு. ஆனால் சொன்னால் ஏமாற்றம் இரட்டிப்பாகும். நான் சொல்லும் படம் 1963இல் வந்தது. கறுப்பு வெள்ளை. அதில் கடைசிவரை பேயே வராது.

படத்தின் பெயர் 'தி ஹாண்டிங்'. இதே பெயரில், இதே கதையை 36 வருடம் கழித்து, 1999இல் மறுபடியும் எடுத்தார்கள். அது வண்ணப்படம். அதில் பேய் வரும், சிலை நகரும், கட்டில் ஆளைப் பிடிக்கும், எல்லாம் உண்டு. இரண்டையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். போன மாதம் எங்கள் சின்னம்மாவோடு அடுத்தடுத்த இரவுகளில் இரண்டையும் பார்த்தேன். இத்தனை வருடம் கழித்து, அன்றைக்குத்தான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குச் சரியாகப் புரிந்தது.

முதலில் பார்த்தது இரண்டாவதாக வந்த படத்தைத்தான். எனக்கு அப்போது பதினொரு வயது. பள்ளி விடுமுறைக்குச் சுங்கைப்பட்டாணியில் பாட்டி வீட்டில் இருந்தோம். மாமா பாசார் மாலாமில் விசிடி வாங்கி வந்தார். ஹாலில் மெத்தையைப் போட்டுப் பிள்ளைகள் ஏழு பேர் போர்வைக்குள் ஒளிந்தோம். சரியான கட்டத்தில் முதல் தட்டு முடிந்துவிடும். எழுந்து போய் இரண்டாவது தட்டைப் போட யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில் பாட்டிதான் வெற்றிலையை மென்றுகொண்டே எழுந்து போய்ப் போட்டார். திரையில் தெரிந்த மாளிகையைப் பார்த்து, "ஒரு பேய்க்கு எதுக்குடா இவ்ளோ பெரிய வீடு? கூட்டிப் பெருக்கறது யாரு?" என்று கேட்டார். அந்த நிமிடமே எங்கள் பயம் போய்விட்டது. படம் முடிந்ததும் நன்றாகத் தூங்கினோம்.

பழைய படத்தைப் பார்த்தது பினாங்கில் ஊடகவியல் படித்தபோது. ஒலி பற்றிய வகுப்பு. விரிவுரையாளர் திரையை அணைத்துவிட்டார். "பார்க்காதீர்கள். கேளுங்கள்" என்றார். இருட்டில் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம்.

எங்கோ தூரத்தில் 'டம்... டம்...' என்று ஒரு சத்தம். சுவரில் தட்டுவது போல இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது. இரண்டு பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டு மெல்லிய குரலில் பேசினார்கள். சத்தம் கதவுக்கு வெளியே வந்து நின்றது. அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத சில விநாடிகளில் என் பக்கத்தில் இருந்த தோழி என் கையைப் பிடித்தாள். பிறகு அதே காட்சியைப் படத்தோடு போட்டுக் காட்டினார். பயம் குறைந்துதான் இருந்தது. வானொலிக்கு வர வேண்டும் என்று நான் முடிவு செய்த நாள் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் படத்தை எடுத்த ராபர்ட் வைஸை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் அவருடைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். 1965இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுத்தவர் அவர்தான். அதற்கு முன்னால் 1961இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'. இந்த இரண்டு பெரிய பாட்டுப் படங்களுக்கும் நடுவில், பாட்டும் இல்லாமல் வண்ணமும் இல்லாமல் ஒரு பேய்வீட்டுக் கதையை எடுத்தார். அவர் சினிமாவுக்குள் நுழைந்தது ஒலிப் பிரிவின் வழியாக. ஆர்கேஓ நிறுவனத்தில் ஒலித் தொகுப்பில் வேலை கற்று, பிறகு படத்தொகுப்பாளராகி, 1941இல் வந்த 'சிட்டிசன் கேன்' படத்தைத் தொகுத்தார். காது பழகிய பிறகு கண்ணுக்கு வந்த மனிதர்.

1999 படத்தின் இயக்குநர் யான் டி போன்ட் வந்த வழி வேறு. அவர் ஒளிப்பதிவாளர். 'டை ஹார்ட்' படத்தின் கேமரா அவருடையது. பிறகு இயக்குநராகி 1994இல் 'ஸ்பீட்', 1996இல் 'டுவிஸ்டர்' எடுத்தார். நிற்காமல் ஓடும் பேருந்து, மாட்டைத் தூக்கிப் பறக்கவிடும் சூறாவளி. திரையில் எதையும் நம்பும்படி காட்டத் தெரிந்தவர். ஒரே கதை ஒலிக்காரர் கையிலும் ஒளிக்காரர் கையிலும் போனால் என்ன ஆகும் என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

கதை, ஷர்லி ஜாக்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1959இல் எழுதிய நாவல். ஹில் ஹவுஸ் என்று ஒரு பழைய மாளிகை. அமானுஷ்யத்தை ஆராயும் டாக்டர் ஒருவர் அதை வாடகைக்கு எடுக்கிறார். உதவிக்கு இரண்டு பெண்களை அழைக்கிறார். ஒருத்தி தியோடோரா, அடுத்தவர் மனதைப் படிக்கக் கூடியவள். இன்னொருத்தி எலினோர், சின்ன வயதில் அவள் வீட்டின் மேல் காரணமில்லாமல் கல்மழை பொழிந்தது. வீட்டுக்கு வருங்கால வாரிசான லூக் என்ற இளைஞனும் கூட வருகிறான். நால்வரும் அங்கே தங்குகிறார்கள். இரவில் சத்தங்கள் கேட்கின்றன.

பழைய படத்துக்கு ஆன செலவு 1 மில்லியன் டாலருக்குச் சற்று மேல். இங்கிலாந்தில் எடுத்தார்கள். வெளியே தெரியும் மாளிகை, ஸ்டிராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எட்டிங்டன் பார்க். இப்போது அது ஹோட்டல். உள்ளே தெரியும் அறைகள் எல்லாம் ஸ்டுடியோவில் போட்ட செட். சினிமா செட்டுகளில் விளக்குத் தொங்கவிட வசதியாக மேல்கூரை வைக்க மாட்டார்கள். வைஸ் கூரையோடு கட்டச் சொன்னார். அறை நம்மை அமுக்குவது போல இருப்பது அதனால்தான். கேமராவுக்கு அகலக் கோண லென்ஸ் ஒன்று கேட்டார். அந்த லென்ஸ் இன்னும் சரியாகவில்லை, படம் ஓரங்களில் வளையும் என்றார்கள். அந்த வளைவுதான் வேண்டும் என்று சொல்லி, குறையுள்ளது என்று தெரிந்தே வாங்குகிறேன் என எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கிப் போனார். வீட்டின் எந்த மூலையும் நேராக இல்லை என்று கதையில் வரும். அதைக் கணினி இல்லாத காலத்தில் ஒரு கெட்ட லென்ஸை வைத்துக் காட்டினார்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. தட்டும் சத்தங்களை முன்கூட்டியே பதிவு செய்து, படப்பிடிப்பின்போது நடிகர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஜூலி ஹாரிஸும் கிளேர் புளூமும் கட்டிலில் ஒட்டிக்கொண்டு நடுங்குவது, 'இப்போது சத்தம் வரும், பயப்படு' என்று சொல்லிக் கொடுத்து வந்ததல்ல. அவர்கள் நிஜமாகவே கேட்டார்கள். வேறொரு காட்சியில் பூட்டிய கதவு மூச்சு விடுவது போல உள்பக்கம் உப்பும். அது பல அடுக்கு மெல்லிய பலகையில் செய்த கதவு. மறுபக்கம் பலமான ஓர் ஆள் கட்டையை வைத்துத் தள்ளினார். அவ்வளவுதான் செலவு. அறுபது வருடம் கழித்தும் அந்தக் கதவைப் பார்த்தால் என் கால் தானாக மடங்கிக்கொள்கிறது.

புதிய படத்தின் செலவு ஏறக்குறைய 80 மில்லியன் டாலர். வெளித்தோற்றத்துக்கு இங்கிலாந்தில் ஹார்லாக்ஸ்டன் மாளிகை. உள் அறைகளைக் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் ஒரு ராட்சதக் குவிமாடத்துக்குள் கட்டினார்கள். ஒரு காலத்தில் ஹோவர்ட் ஹியூஸின் மாபெரும் மர விமானத்தை வைத்திருந்த இடம் அது. லியம் நீசன், கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ், ஓவன் வில்சன், எலினோராக லிலி டெய்லர். இசை ஜெர்ரி கோல்ட்ஸ்மித். குறை சொல்வதற்கு முன் நியாயமாகப் பேசுகிறேன். அந்த செட் ஓர் அதிசயம். பெரிய சிங்கத்தலைக் கணப்பு, சுழலும் கண்ணாடி அறை, தண்ணீர் தேங்கிய நடைபாதை. லிலி டெய்லரின் முகம் ஒன்றே பாதிப் படத்தைத் தாங்கும். உலக அளவில் 170 மில்லியன் டாலருக்கு மேல் வசூலானது. அப்படியும் மோசமான படங்களுக்குக் கேலியாகக் கொடுக்கும் ராஸி விருதுக்கு, 'மோசமான படம்' பிரிவில் பரிந்துரையானது. வேடிக்கை என்னவென்றால், அதே பட்டியலில் 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' படமும் இருந்தது. அதே 1999 ஜூலையில் வந்த படம். மிகச் சொற்பச் செலவில், எதையுமே காட்டாமல் உலகத்தைப் பயமுறுத்தியது. ஆக, காட்டினாலும் திட்டுவார்கள், காட்டாவிட்டாலும் திட்டுவார்கள்!

அதனால் 'காட்டியது தப்பு, காட்டாதது சரி' என்று நான் முடித்துவிடப் போவதில்லை. வகுப்பில் அப்படித்தான் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். இப்போது அது பாதி பதில் என்று தோன்றுகிறது. மீதிப் பாதி, அந்தத் தட்டும் சத்தம் யாருடையது என்பதில் இருக்கிறது.

எலினோர் யார் என்று பாருங்கள். கல்யாணம் ஆகாதவள். படுத்த படுக்கையான அம்மாவைப் பதினொரு வருடம் கவனித்துக்கொண்டவள். அம்மா இறந்த பிறகு அக்கா வீட்டு ஹாலில் சோபாவில் படுத்துக்கொள்கிறாள். ஒரு காரில் அவளுக்கும் பாதிப் பங்கு உண்டு. அதை எடுக்கக்கூட அக்காவிடம் அனுமதி கேட்க வேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை ஒருவர் ஓர் இடத்துக்கு வரச் சொல்லி அழைத்திருக்கிறார். அது பேய்வீடு. கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள்.

முதல் நாள் இரவு சுவரில் தட்டும் சத்தம் கேட்டதும் அவள் பயப்படவில்லை. தூக்கக் கலக்கத்தில், அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்து, இதோ வருகிறேன் என்று எழுந்திருக்கிறாள். பிறகுதான் நினைவு வருகிறது, அம்மா செத்துப்போய்விட்டாள்.

அந்த வீட்டுக்கும் ஒரு பழைய கதை உண்டு. வீட்டைக் கட்டிய ஹியூ கிரேனின் மகள் கிழவியாகி, படுக்கையில் கிடந்து, துணைக்கு இருந்த பெண்ணைத் தடியால் சுவரில் தட்டிக் கூப்பிடுவாள். ஒரு நாள் தட்டியபோது அந்தப் பெண் வரவில்லை. கிழவி இறந்துபோனாள். எலினோர் இந்தக் கதையைக் கேட்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள். பிற்பாடு அவள் வாயாலேயே வருகிறது. அவளுடைய அம்மாவும் கடைசி இரவில் சுவரைத் தட்டியிருக்கிறாள். இவள் எழுந்திருக்கவில்லை. தூங்கிப் போனேனா, விழித்துக்கொண்டு மறுபடி படுத்துவிட்டேனா என்று அவளுக்கே தெரியவில்லை.

இதுதான் அந்தப் படத்தின் பேய். வீடு தட்டுகிறதா, அவள் மனசு தட்டுகிறதா என்று படம் கடைசிவரை சொல்லாது. முடிவில் டாக்டர் அவளை வீட்டை விட்டு அனுப்பிவிடுகிறார். அவளுக்குப் போக வேறு வீடு இல்லை. கார், வாசல் தாண்டுவதற்குள் மரத்தில் மோதுகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பியது யார் என்பதும் தெரியாது.

1999 படத்தில் இதை என்ன செய்தார்கள்? பதினொரு வருடம் அம்மாவைப் பார்த்துக்கொண்ட எலினோர் அதிலும் உண்டு. ஆனால் படம் போகப்போக அவள் குற்ற உணர்ச்சியை மறந்துவிடுகிறது. புதிய கிரேன் ஓர் ஆலை முதலாளி. வேலைக்கு வைத்த குழந்தைகளைக் கொன்ற கொடூரன். அந்தக் குழந்தைகளின் ஆவிகள்தான் எலினோரைக் கூப்பிடுகின்றன. ஏன் அவளை? ஏனென்றால் அவள் கிரேனின் இரண்டாவது மனைவியின் வம்சம்! அவள் கிரேனின் பேயை எதிர்த்து நின்று, குழந்தைகளை விடுவித்து, தானும் இறந்து அவர்களோடு மேலே போகிறாள். தட்டியது யார் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. பிள்ளைகள் தட்டினார்கள். இவள் போய்த் திறந்தாள். கணக்கு நேராகிவிட்டது.

பேய்வீட்டுப் படங்களை மறுபடி எடுக்கும்போது இது நடக்கும். நமக்குப் பழக்கமான உதாரணமே இருக்கிறது. ஃபாசில் 1993இல் எடுத்த 'மணிச்சித்திரத்தாழ்' படத்தில் மோகன்லால் ஏறக்குறைய பாதிப் படம் ஓடிய பிறகுதான் வருவார். அதுவரை நாம் ஷோபனாவோடு அந்த வீட்டில் தனியாக இருப்போம். பெற்றோர் தூரத்தில் இருக்க, பாட்டியிடம் வளர்ந்த கங்காவின் தனிமைதான் அந்தக் கதையின் அடித்தளம். 2005இல் பி. வாசு அதைச் 'சந்திரமுகி'யாக எடுத்தபோது ரஜினி தொடக்கத்திலேயே சண்டையோடு வந்துவிட்டார். எனக்குச் சந்திரமுகி பிடிக்கும், நூறு தடவை பார்ப்பேன், அது வேறு விஷயம். ஆனால் காப்பாற்ற வந்தவரின் கதையாக அது மாறிவிட்டது. காப்பாற்றப்பட வேண்டியவள் கொஞ்சம் பின்னால் போய்விட்டாள்.

இனி சின்னம்மாவுக்கு வருகிறேன்.

சின்னம்மா அம்மாவின் கடைசித் தங்கை. பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பாட்டிக்கு வலது பக்கம் பக்கவாதம் வந்து பேச்சும் போனதும், வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டார். 'கொஞ்ச நாளைக்கு' என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். ஒன்பது வருடம் ஆனது. மாமாக்கள் மாதாமாதம் பணம் அனுப்பினார்கள். தீபாவளிக்கு வந்து, "நீ இல்லன்னா அம்மா கதி என்னா?" என்று சின்னம்மாவைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். நாங்களும்தான்.

பாட்டிக்கு இடது கை வேலை செய்தது. அந்தக் கையில் ஓர் எவர்சில்வர் கரண்டி இருக்கும். தண்ணீர் வேண்டுமென்றால், புரண்டு படுக்க வேண்டுமென்றால், சில சமயம் சும்மா யாராவது வர வேண்டுமென்றால், கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டுவார். டிங், டிங், டிங். பினாங்கில் படித்த காலத்தில் வார இறுதிகளில் பேருந்து பிடித்து அங்கே போவேன். என் அறை பாட்டி அறைக்கு அடுத்தது.

போன மாதம் சின்னம்மா எங்கள் வீட்டில் இரண்டு வாரம் தங்கினார். நிகழ்ச்சிக்காக நான் பழைய படத்தைத் திரும்பப் பார்க்க வேண்டியிருந்தது. சின்னம்மாவும் சோபாவில் வந்து உட்கார்ந்தார். முதல் அரைமணி நேரம் புகார்தான். "என்னா பாப்பா இது, கலரும் இல்ல, பேயும் இல்ல." சுவரில் தட்டும் காட்சி வந்ததும் புகார் நின்றது. எலினோர், அம்மா தட்டியதைப் பற்றிச் சொல்லும் இடம் வந்தது. சின்னம்மாவுக்கு ஆங்கிலம் முழுதாகப் பிடிபடாது. அந்த வசனத்தை மட்டும் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"நிப்பாட்டும்மா" என்றார்.

பாத்ரூம் போகத்தான் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. நிறுத்திய படத்தில் இருந்த ஜூலி ஹாரிஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கேக்கும். கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். பத்து எண்ணுவேன். பத்துக்குள்ள நின்னுடுச்சின்னா அம்மா தூங்கிட்டாங்கன்னு நெனச்சிக்குவேன். நிக்கலன்னா எந்திரிப்பேன்."

"எல்லாரும் அப்படித்தான் சின்னம்மா. ஒன்பது வருஷம் நீங்கதானே பார்த்தீங்க" என்றேன். இதைத்தானே நாங்கள் எப்போதும் சொல்வோம்.

"பார்த்தேன். அது வேற" என்றார். "நின்னுபோன ராத்திரியெல்லாம் தூங்கிட்டாங்களா, கை வலிச்சி நிறுத்திட்டாங்களான்னு இப்பத்தான் யோசனை வருது. போடு, மிச்சத்தைப் பாப்போம்."

பாட்டி இறந்தது ஒரு பகல் நேரத்தில், மருத்துவமனையில், சின்னம்மா பக்கத்தில் இருக்கும்போதுதான். யாரும் எதையும் தவறவிடவில்லை. இருந்தும் அந்தக் கரண்டிச் சத்தம் அவரை விடவில்லை. பழைய படம் முடிந்து நான் விளக்கை அணைக்கப் போனேன். "ஹால் லைட்டு எரியட்டும்" என்றார்.

அடுத்த இரவு புதிய படம். சின்னம்மாவுக்கு அந்த மாளிகை ரொம்பவும் பிடித்துவிட்டது. கதவில் இருந்த சிற்பங்களைப் பார்த்து, கோவில் கதவு மாதிரி இருக்கிறது என்றார். நீசனைத் தண்ணீருக்குள் இழுக்கும் சிலையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். எலினோரும் பிள்ளைகளும் மேலே போகும்போது, "சரி, நல்லபடியா போய்ச் சேந்துட்டாங்க" என்று எழுந்து, விளக்கை அவரே அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். போகும்போது வாசலில் நின்று, "நேத்து பார்த்த பொண்ணுதான் பாவம்" என்றார்.

புதிய படம் எலினோரைக் காப்பாற்றிவிட்டது. அவளுக்கு ஒரு வம்சம் கொடுத்தது, ஒரு எதிரி கொடுத்தது, ஒரு வீர மரணமும் கொடுத்தது. அவளோடு நம்மையும் காப்பாற்றிவிட்டது. கெட்டவன் கிரேன் என்று தெரிந்த பிறகு, நாம் எதற்கும் பொறுப்பில்லை. பதினொரு வருடம் ஒரே பெண்ணை அந்த அறையில் விட்டுவைத்த குடும்பத்தைப் பற்றி யாரும் யோசிக்க வேண்டியதில்லை. பழைய படம் அப்படி விடுவதில்லை. அதில் பேயைத் துரத்தப் பூசாரியும் இல்லை, கொல்ல வில்லனும் இல்லை. தட்டியபோது போகாத ஒருத்தி மட்டும் இருக்கிறாள். அந்த ஒருத்தி யாராக வேண்டுமானாலும் இருக்கலாம்.

அதனால் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அந்தக் கரண்டிச் சத்தம் கேட்டது. அடுத்த அறை அல்லவா? இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் கேட்கும். நான் பத்துகூட எண்ணவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். சின்னம்மா எழுந்து போவார் என்று எனக்குத் தெரியும். ஒலியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, ஒரு சத்தத்தைக் கேட்காமலிருக்க ஹெட்போன் வாங்கி வைத்திருந்தாள்.

இரண்டு படங்களும் பார்த்து முடித்த மறுநாள் காலை, சமையலறையில் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்த சின்னம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தெரியும். உன் ரூம் கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியும். முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்னு தெரியும்."

"ஏன் கூப்பிடல சின்னம்மா?"

"கூப்பிட்டா வந்திருப்பியா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. அவரும் கேட்டுவிட்டுக் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்தக் கத்திச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த வார வியாழக்கிழமை நிகழ்ச்சியில் ஒரு மாற்றம் செய்தேன். நேயர்கள் கதை சொல்லும்போது பின்னால் நாய் ஊளையிடும் சத்தம், கதவு கிரீச்சிடும் சத்தம் எல்லாம் சேர்ப்போம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒருவர் கதையை முடித்த பிறகு உடனே நான் பேசாமல் கொஞ்சம் விட்டுப் பார்த்தேன். வானொலியில் மூன்று விநாடி மௌனம் என்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொறியாளர் எழுந்துவிடுவார். எழுந்தார். கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். அந்த மௌனத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு சத்தம் கேட்டிருக்கும்.

இரண்டு படங்களில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், பிள்ளைகளோடு போர்வைக்குள் உட்கார்ந்து கத்த வேண்டும் என்றால் 1999 படம். பதினொரு வயதில் அது எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. தனியாகவோ, பெரியவர் ஒருவரோடோ பார்ப்பதென்றால் 1963 படம். விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துப் பாருங்கள்.

பார்த்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் குடும்பத்திலும் யாராவது ஒருவர், படுக்கையில் இருக்கும் தாத்தாவையோ பாட்டியையோ தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். 'நீ இல்லன்னா என்னா கதி' என்று இந்தத் தீபாவளிக்கும் அவரைப் புகழ்வதற்குப் பதிலாக, ஒரு சனிக்கிழமை இரவு அந்த வீட்டுக்குப் போய் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். அவரை வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள். தட்டும் சத்தம் கேட்டால் நீங்கள் எழுந்து போங்கள். நான் ஒரு நாள்கூடச் செய்யாதது அது.

அந்தக் கரண்டி என்ன ஆனது என்று சின்னம்மாவிடம் கேட்டேன். எங்கேயாவது பத்திரமாக எடுத்து வைத்திருப்பார், அல்லது தூக்கிப் போட்டிருப்பார் என்று நினைத்தேன்.

"ஏன், நல்ல கரண்டிதானே? அதுலதான் குழம்பு ஊத்திக்கிட்டு இருக்கேன்" என்றார்.